நடந்தாலே பாதை வந்துவிடாதா?

மார்ச் 2

வாசகர் ஒருவரின் கேள்வி, எழுத்து மாற்றாமல்:

"ஆடு மாடு நடந்தாலே தடம் விழுந்துவிடுகிறது. மலைப்பாதையைப் பராமரிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் கடப்பாரையும் கையுமாக ஏறுகிறீர்கள். மலையை அதன்போக்கில் விட்டால் என்ன? நீங்கள் போய்க் கொத்துவதால்தானே மண்ணே அரிக்கிறது?"

படித்ததும் சுருக்கென்றது. அன்று காலைதான் மூன்று மணி நேரம் குனிந்து வடிகால்களில் தூர் வாரிவிட்டு இறங்கியிருந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் "இதெல்லாம் எதுக்கு" என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு நாள் ஆறப்போட்டுப் பதில் எழுதியிருக்கலாம். முடியவில்லை.

ஆடு மாடு ஒரே தடத்தைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. மேய்ச்சல் சரிவு ஒன்றை எதிரில் நின்று பார்த்தால் பத்துப் பதினைந்து தடம் கோடுகோடாகத் தெரியும். ஒன்று சேறானால் அடுத்ததற்கு மாறிவிடும், விட்ட தடத்தில் புல் ஏறிவிடும். நாம் அப்படியா? வரைபடத்தில் ஒரு கோடு, அந்தக் கோட்டில் வருஷம் முழுக்கப் பூட்ஸ் கால்கள். முதலில் புல் போகும். பிறகு மட்கு போகும். பிறகு மண் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும். இறுகிய மண்ணுக்குள் மழை இறங்காது, மேலாகத்தான் ஓடும். சுற்றுத் தரையைவிடப் பாதை இரண்டு விரல் பள்ளமானால் போதும், தண்ணீருக்கு அது வாய்க்கால்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். பாதை 1 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம் என்று வையுங்கள். 20 மில்லிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டர். அதாவது 2 டன். பாதைமேல் நேராக விழுந்தது மட்டும் இவ்வளவு. மேல்சரிவிலிருந்து வந்து சேருவது தனி. அந்த 2 டன்னும் பாதையிலேயே கீழே இறங்கலாம், அல்லது பத்தடிக்கு ஒருமுறை ஓரமாக விழுந்து புல்லுக்குள் காணாமல் போகலாம். நாங்கள் ஏறுவது இரண்டாவது நடப்பதற்காக. வேறு ரகசியம் எதுவும் இல்லை.

மார்ச் 2, இரவு

வேகத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 64 மடங்கு ஆகிறது. ஆறுகளைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்த பழைய விதி, ஆறாம் அடுக்கு. மேலே மணலைத் தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர் கீழே தேங்காய் அளவுக் கல்லை உருட்டுவது இதனால்தான். தண்ணீரை இளசிலேயே வெளியேற்றிவிட வேண்டும்.

மார்ச் 5

"அப்படியென்றால் பாதையை எங்கே போட்டாலும் அரிக்கத்தானே செய்யும்?" என்று அதே நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. (முதல் கேள்வியும் நல்ல கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. அது பிறகு.)

எங்கே போட்டாலும் அரிக்காது. சரிவுக்குக் குறுக்காகச் சாய்ந்து ஏறும் பாதைக்கு ஆயுசு அதிகம். உச்சியிலிருந்து நூல் பிடித்ததுபோல் நேர்சரிவில் இறங்கும் பாதை அற்பாயுசு. பாதைக்காரர்கள் பாதி விதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: பாதையின் ஏற்றம், அது ஏறும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீருக்குப் பாதையே சுலபமான வழியாகிவிடும். தாண்டாமல் இருந்தால் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும்.

இதில் வேடிக்கை, செங்குத்தான மலையைவிடச் சாதுவான சரிவுதான் தொல்லை. 12 சதவீதச் சரிவில் (100 மீட்டர் போனால் 12 மீட்டர் ஏறும்) பாதை 6 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, ஆனால் ஆள் பார்வைக்குச் சமதரை மாதிரி இருப்பதால் யாரும் வளைத்துப் போட மெனக்கெடுவதில்லை. நேரே போட்டுவிடுகிறார்கள். நான்கு வருஷத்தில் அது முழங்கால் ஆழப் பள்ளம்.

இதற்கு மேல் பொது வரம்பும் உண்டு. மலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் பாதையின் சராசரி ஏற்றம் 10 டிகிரிக்குள் இருக்கட்டும் என்பார்கள். நடைதளம் கீழ்ப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். 5 சதவீதம் போதும், ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

மார்ச் 6

மேலே 10 டிகிரி என்று எழுதியது தப்பு. 10 சதவீதம். டிகிரியில் சொன்னால் ஆறுகூட இல்லை.

கை தவறி எழுதியது என்று தப்பிக்கலாம். ஆனால் இதே தப்பை மலையிலேயே செய்தவன் நான், ஆகையால் சொல்லிவிடுகிறேன். புதுத் தடம் குறிக்கப் போனோம். சாய்வுமானி எடுத்து வர மறந்து, கைபேசியில் இருந்த செயலியால் அளந்தேன். அது காட்டியது டிகிரி, நான் படித்தது சதவீதம். 10, 10, 9, 10 என்று பெருமையாகக் கத்திக்கொண்டே போனேன், பின்னால் ஒருவர் கொடி கட்டிக்கொண்டே வந்தார். மதியம் எங்கள் குழுவின் பெரியவர் ஏறி வந்தார். ஐம்பதடி நடந்தார், நின்றார், மூச்சு வாங்கினார். "தம்பி, இது பத்தா?" என்றார். 10 டிகிரி என்பது கிட்டத்தட்ட 18 சதவீதம். அரை நாள் கட்டிய கொடியெல்லாம் அவிழ்த்தோம். பெரியவரிடம் கருவி எதுவும் இல்லை, மூச்சு ஒன்றுதான்.

45 டிகிரிதான் 100 சதவீதம். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், குழப்பம் வராது. எனக்கு வந்தது என்பது வேறு விஷயம்.

மார்ச் 13

கருவிகள் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மண்வெட்டி, கடப்பாரை, சம்மட்டி, அரிவாள், வாளி. இவற்றை வைத்தே முக்கால் வேலை நடக்கும். மீதிக் காலுக்கு இரண்டு கருவிகளைச் சொல்லலாம், இரண்டும் காட்டுத்தீ அணைக்கிறவர்களிடமிருந்து வந்தவை.

ஒன்று புலாஸ்கி. ஒரு பக்கம் கோடரி, மறு பக்கம் குறுக்குவாட்டில் களைக்கொத்து. எட் புலாஸ்கி என்ற அமெரிக்க வனக்காவலர் 1911-ல் செய்தது. அதற்கு முந்தைய வருஷம் ஐடஹோ மலைகளில் வந்த பெருந்தீயில், தன்னோடு இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிப் பெரும்பாலோரைப் பிழைக்கவைத்தவர் அவர். வேரை வெட்டவும் மண்ணைக் கிளறவும் கருவி மாற்றாமல் ஒரே பிடியில் முடிகிறது. அதற்காகக் கோடரிப் பக்கத்தை மண்ணில் போட்டுவிட்டால் அன்றைக்கு மாலை தீட்டுகிறவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

இன்னொன்று மெக்லியாட். ஒரு பக்கம் பெரிய பற்கள் வைத்த வாரி, மறு பக்கம் அகலமான மண்வெட்டித் தகடு. 1905-ல் மால்கம் மெக்லியாட் என்ற இன்னொரு வனக்காவலர் செய்தது. தளத்தை வழித்துச் சமன்செய்ய இதற்கு ஈடு இல்லை. நிமிர்த்தி வைத்துக் குத்தினால் மண் கெட்டியாகும். பற்கள் மேலே பார்க்கத் தரையில் போட்டால், மிதித்தவர் நெற்றியில் பிடி வந்து அறையும். அறைந்திருக்கிறது. யார் நெற்றி என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 15

புலாஸ்கி விஷயத்தில் ஒரு திருத்தம். கோடரியும் கொத்தும் சேர்ந்த கருவிகள் அவருக்கு முன்பே இருந்திருக்கின்றன. காட்டு வேலைக்குத் தோதாக வடிவமைத்துப் பரவச் செய்தவர் என்பதே சரி. பெயர் அவர் பெயராக நின்றுவிட்டது.

நெற்றி என் நெற்றி. எல்லோரும் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஏப்ரல் 4

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எங்கள் பாதையின் மேல்பகுதியில் நேர்சரிவாக ஏறும் துண்டு ஒன்று உண்டு. முப்பது மீட்டர் இருக்கும். எந்தக் காலத்திலோ யாரோ அவசரத்தில் ஏறிய வழி, அதுவே பாதையாகிவிட்டது. மழைக்கு மழை ஆழமாகிக்கொண்டே வந்தது. போன வருஷம் அதில் கல்படி கட்டினோம். 27 படி. பதினொரு வாரம்.

கல்படி என்றால் கல்லைத் தூக்கி வைப்பது அல்ல. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், வெளியே தெரிவது மிச்சம்தான். ஒரு ஆள் தனியாகத் தூக்கிவிடக்கூடிய கல், பாதைக்கு ஆகாத கல். அதை இன்னொரு ஆளின் கால் நகர்த்திவிடும். 60-க்கு 40-க்கு 30 சென்டிமீட்டர் கல்லைப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிதாகத் தெரியாது. கருங்கல்லாக இருந்தால் 190 கிலோவுக்கு மேல். அதைத் தூக்குவதில்லை, கடப்பாரையால் நெம்பி நெம்பி நடத்திக்கொண்டு வருவது. நான்கு பேர் நான்கு முனையில். ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விரல் நசுங்குவதெல்லாம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் "இந்தப் பக்கம்" என்று சொல்லும்போதுதான். பதினொரு வாரத்தில் எங்களுக்கு நசுங்கியது ஒரே ஒரு நகம். அதுவும் கல்லில் இல்லை, வண்டிக் கதவில்.

கல் உட்கார்ந்த பிறகு அதன்மேல் ஏறி நின்று ஆட வேண்டும். நிஜமாகவே ஆட வேண்டும். கடகடவென்றால் எடுத்து, அடியில் சல்லி உடைத்துக் குத்தி, மறுபடி வைக்க வேண்டும். 27 படியிலும் ஆடியிருக்கிறோம். ஒன்றும் அசையவில்லை. கடைசிப் படி வைத்த அன்று எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டோம்.

போன வாரம் போனேன். படிகள் அப்படியே இருக்கின்றன, அழகாக, அசையாமல். பக்கத்தில் புல்லுக்குள் புதுத் தடம் ஒன்று ஓடுகிறது. எல்லோரும் அதில்தான் நடக்கிறார்கள்.

ஏப்ரல் 4, கொஞ்ச நேரம் கழித்து

"நான் அன்றே சொன்னேனே" என்று நண்பர் ஒரு வரி போட்டிருக்கிறார். சொன்னார். நான் மறுக்கவில்லை.

ஏப்ரல் 5

தூங்கி எழுந்து யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. நல்ல கல்லாகக் கிடைத்ததே என்று ஒவ்வொரு படியையும் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைத்துவிட்டோம். 15 முதல் 20 இருந்திருக்க வேண்டும். ஏறும்போது சமாளித்துவிடலாம். முதுகில் பையோடு இறங்குகிறவருக்கு ஒவ்வொரு படியும் முட்டிக்கு ஒரு அடி. பக்கத்தில் மெத்தென்று புல் இருக்கிறது. நானாக இருந்தாலும் புல்லில்தான் இறங்குவேன். போன வாரம் இறங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கட்டும்போதே பெரியவர் கேட்டார், "பக்கத்துல வழி இருக்கறப்ப படியில எவன் ஏறுவான்?" அப்போது சிரித்தோம். நடக்கிறவரைத் திட்டிப் பயன் இல்லை. கால் தனக்கு எது சுகமோ அதில்தான் போகும், தண்ணீர் மாதிரியேதான். தண்ணீருக்கு இவ்வளவு யோசித்த நாங்கள் காலுக்கு யோசிக்கவில்லை.

ஏப்ரல் 19

இரண்டு ஞாயிறு வேலை. படியின் இரண்டு பக்கமும் ஒழுங்கில்லாத கற்களைப் பாதி புதைத்துச் சொருகினோம். நேராக வரிசையாக வைத்தால் தோட்டம் மாதிரி ஆகிவிடும், அதன்மேலும் ஏறி நடப்பார்கள். கூரான முனை மேலே பார்க்க, கால் வைக்கத் தோன்றாதபடி வைக்க வேண்டும். புல்லில் விழுந்த புதுத் தடத்தைக் கிளறிவிட்டு, மேலே சருகும் காய்ந்த கிளையும் பரப்பினோம். இறுகிய மண்ணைக் கிளறாமல் கிளையை மட்டும் போட்டால் விதை விழுந்தாலும் முளைக்காது. பாதையை மூடுவதும் வெட்டுவதைப்போலவே வேலைதான். "அதன்போக்கில் விட்டால்" தானாக மூடிக்கொள்ளும் என்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சமதரையில் மூடும். சரிவில், ஒருமுறை வாய்க்காலாகிவிட்ட பாதையை ஆளே நடக்காமல் விட்டாலும் மழை விடுவதில்லை. பழைய பள்ளத்தில் குறுக்கே கல்லணை போட்டு, வண்டல் தேங்கவைத்து, பிறகுதான் புல்லைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் நண்பரின் கேள்வியில் ஒரு பாதி சரி என்பதை இப்போது சொல்ல வேண்டும். அந்தத் துண்டில் நாங்கள் படியே கட்டியிருக்கக் கூடாது. பாதையை அங்கிருந்து எடுத்துவிட்டு, சரிவுக்குக் குறுக்காக நீட்டிப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். தப்பான இடத்தில் இருந்த பாதையை நன்றாகக் கட்டிவைத்தோம். "மலையை விடு" என்று அவர் சொன்னதை "அந்த இடத்தை விடு" என்று எடுத்துக்கொண்டிருந்தால் பதினொரு வாரம் மிச்சம்.

எங்களுக்கு மட்டும் வந்த புத்தி அல்ல இது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்டன் மெக்கே 1921-ல் யோசனை சொன்னார், 1937-ல் முழுப் பாதையும் இணைந்தது. 14 மாநிலங்கள், 3,500 கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் தொண்டர்கள் வெட்டியது. அப்போது போட்ட தடத்தில் பெரும்பகுதி இன்று அதே இடத்தில் இல்லை. இடம் மாற்றியிருக்கிறார்கள், திரும்பக் கட்டியிருக்கிறார்கள். முதலில் வெட்டியவர்கள் உச்சிக்கு உச்சி நேராக ஏறினார்கள், பின்னால் வந்தவர்கள் வளைத்தார்கள். நாங்களும் வளைக்கப்போகிறோம்.

ஏப்ரல் 20

"அப்படியானால் படியே தப்பா?" இல்லை. பாறைக்கு நடுவே வேறு வழி இல்லாத இடத்தில் படிதான். நேபாளத்து ஷெர்ப்பாக்கள் நார்வேயில் போய் மலைப்பாதைக்குப் படி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், போய் நடந்தவர்கள் சொல்வார்கள். படி தப்பில்லை, எங்கள் படி தப்பு.

சேற்றுநிலத்துக்கு வேறு வைத்தியம். இங்கிலாந்தின் பென்னைன் பாதை 1965-ல் திறந்தது. கரிச்சேற்று மேடுகளில் நடந்து நடந்து, சேற்றைச் சுற்றிப்போய், பாதை தெரு அகலம் ஆகிவிட்டது. கடைசியில், இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சேற்றின்மேல் பரப்பினார்கள். நூல் ஆலையில் தேய்ந்த கல் மலைமேல் மறுபடி தேய்கிறது.

சேறு வந்தால் சுற்றிப் போகாதீர்கள், நடுவிலேயே மிதித்துப் போங்கள். பூட்ஸ் கழுவினால் போய்விடும்.

மே 10

புதுத் தடம் வெட்டும் நாள். வந்தவர்கள் 34 பேர். கருவி போதவில்லை, ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டார்கள். மலைச்சரிவைக் குடைந்து, நடக்கத் தட்டையான தளமாகத் தட்டு வெட்டினோம். முழுத் தட்டும் வெட்டிய தரையிலேயே இருக்க வேண்டும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி அதையும் பாதையாக்கிக்கொள்ளலாம் என்று சோம்பல் சொல்லும், கேட்கக் கூடாது. கொட்டிய மண் அமுங்கும், வெளியோரம் சரியும், அடுத்த வருஷம் பாதை பாதி அகலம். மண்ணை வாளியில் எடுத்துத் தள்ளிப்போய்த் தூவுவதுதான் சரி. இதற்கு மட்டும் எட்டுப் பேர் ஓடினார்கள்.

நல்ல நாள்தான். ஆனாலும் ஒரு பொருமல். அதற்கு முந்தைய ஞாயிறு வடிகால் தூர் வாரும் நாள். வந்தவர்கள் மூன்று பேர். பெரியவர், நான், வழி தவறி வந்த ஒருவர்.

கட்டுகிற நாளில் ஊரே வருகிறது, படம் எடுத்துக்கொள்கிறது. வருஷம் முழுக்க நாற்பது குழியில் சேர்ந்த வண்டலை அள்ளிப் போடுவதில் படம் எடுக்க என்ன இருக்கிறது? நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. பதினொரு வாரம் படி கட்டியபோது கீழே இருந்த வடிகால்களை நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதே பருவத்தில் கீழே அறுபது அடி தளம் பறிபோனது. படிக்கான படம் என்னிடம் இருக்கிறது, அறுபது அடிக்கு இல்லை.

மே 24

நேற்று மழையில் தனியாகப் போனேன். ஒரு மண்வெட்டி மட்டும். நான் இந்தப் பாதையைப் பற்றிக் கற்றதில் பாதி நேற்றுக் கற்றது.

வெயிலில் பார்த்தால் பாதை எங்கேயும் ஒரே மாதிரி இருக்கிறது. மழையில் ஒவ்வொரு அடியும் வேறு. ஒரு சருகைத் தண்ணீரில் போட்டுப் பின்னாலேயே நடந்தேன். குழந்தை விளையாட்டுதான். முதல் வடிகாலில் சருகு திரும்பி வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை. வடிகால் வாயில் ஒரு கை மண் சேர்ந்திருந்தது, அதன்மேல் ஏறித் தாண்டிவிட்டது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதற்கு வரும்போது அது சருகு மிதக்கும் தண்ணீராக இல்லை, ஓடையாகிவிட்டது. அங்கே வடிகால் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு தண்ணீரைத் தாங்கவில்லை, உடைத்துக்கொண்டு போனது. மேலே முதல் வாயில் ஒரு கை மண். கீழே மூன்றாவது உடைந்தது. நாங்கள் இதுவரை உடைந்த மூன்றாவதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தோம், ஒவ்வொரு வருஷமும், இன்னும் பெரிய கல் போட்டு.

ஏறிப்போய் முதல் வாயைத் திறந்தேன். இரண்டு நிமிஷம். இறங்கி வருவதற்குள் மூன்றாவதில் தண்ணீர் நின்றுவிட்டது.

வெளியோர வரப்பு இன்னொன்று. நடக்க நடக்கத் தளத்தின் நடு அமுங்கி, வெளியோரத்தில் மண் வரப்பாக ஏறிவிடும். 5 சதவீதச் சாய்வு வைத்திருந்தும் தண்ணீர் வெளியே விழாமல் அந்த வரப்புக்குள்ளேயே ஓடுகிறது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் வரப்பை உடைத்துவிட்டேன், கணுக்கால் உயரம்கூட இல்லை. வயலில் மடை திறக்கிறவருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வயல் பார்க்காதவன், நாற்பது வயதில் கற்றுக்கொள்கிறேன்.

மே 25

வடிகால் எந்தக் கோணம் என்று கேட்டவருக்கு: பாதைக்கு நேர் குறுக்காக வைக்காதீர்கள், தண்ணீர் முட்டி நின்று வண்டலை அங்கேயே இறக்கிவிடும். 45 டிகிரிக்குச் சாய்த்தால் தன் வண்டலைத் தானே அடித்துக்கொண்டு போகும். (இந்தமுறை டிகிரிதான். பார்த்து எழுதினேன்.) வாய் அகலமாக, வெளியே போகும் கால் நீளமாக. பாதையைவிட்டு ஓரடி தாண்டியதும் நிறுத்திவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு கீழே மறுபடி பாதைக்கே வரும்.

இன்னும் நல்லது, கல்லோ மரமோ வைக்காமல் பாதையையே கொஞ்சம் இறக்கி ஏற்றி அலைபோல் வெட்டிவிடுவது. தண்ணீரால் மேடு ஏற முடியாது, இறக்கத்தில் வெளியேறித்தான் ஆக வேண்டும். அடைத்துக்கொள்வதும் குறைவு. மே 10-ல் வெட்டிய தடத்தில் ஆறு இடத்தில் இப்படி வைத்திருக்கிறோம். முந்தாநாள் மழையில் ஆறும் வேலை செய்தன. நடக்கிறவர்களுக்கு ஏன் நடுவில் இறங்கி ஏறுகிறோம் என்று புரியாது, திட்டுவார்கள். திட்டட்டும்.

ஜூன் 7

மரம் விழுந்திருந்தது. இரண்டு கை ரம்பம்தான், இயந்திர ரம்பம் எங்களுக்கு அனுமதி இல்லை. அமெரிக்காவிலும் 1964-ன் காட்டுநிலச் சட்டம் வந்த இடங்களில் இதே கதைதான், அங்கே பழைய ரம்பம் தீட்டத் தெரிந்தவருக்குத் தனி மரியாதை.

இரண்டு பக்கமும் முட்டுக் கிடைத்து நடுவில் தொங்கும் மரத்தின் மேல்பக்கம் நெருங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து அறுத்தால் வாய் மூடி ரம்பத்தைக் கடித்துக்கொள்ளும். ஆப்பு சொருகிக்கொண்டே போக வேண்டும். ஆப்பை மறந்தோம். கடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் அதை விடுவித்தோம். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 21

கேள்வி கேட்ட நண்பர் வந்திருந்தார். தூர் வாரும் நாளுக்கே வந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் ஆனோம்.

ஏறும்போதெல்லாம் வாதம். புதுத் தடத்தின் கீழ்த் தாங்குசுவர் கண்ணை உறுத்துகிறது என்றார். உறுத்துகிறதுதான், பாசி பிடிக்க நாள் ஆகும். கலவை இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டார். ஒரு கல் இரண்டு கல்மேல் உட்காரும், இரண்டு கல்லின் இடுக்கை மேலே ஒரு கல் மூடும், நீளமான பக்கம் மலைக்குள் போகும், சுவர் முழுக்க மலைப்பக்கம் சாய்ந்திருக்கும். இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும், அதனால்தான் நிற்கிறது என்றேன். ஒரு கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நல்லவேளை.

பழைய படிக்கட்டுக்கு வந்ததும் நின்றார். இப்போது அது பாதை இல்லை. மேலேயும் கீழேயும் கிளை போட்டு மூடியாயிற்று. "பிடுங்கிவிடவில்லையா?" என்றார். 190 கிலோக் கல் 27 எண்ணத்தைப் பிடுங்க வேண்டுமென்றால் இன்னும் பதினொரு வாரம். பெரியவர்தான் பதில் சொன்னார்: "அது இப்ப தண்ணிக்குத் தடுப்பு. சும்மா கெடக்கட்டும்." உண்மைதான், ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் வண்டல் தேங்கி, மேல் நான்கு படியில் புல் வந்திருக்கிறது. அணை கட்ட வேண்டிய இடத்தில் தெரியாமலே அணை கட்டியிருக்கிறோம்.

நண்பருக்கு 14-ஆம் வடிகாலைக் கொடுத்தோம். அரை மணி நேரம் வெட்டினார், நன்றாகத்தான் வெட்டினார், என்னைவிட ஆழம். கருத்து மாறியதா என்று கேட்டேன். "பாதி" என்றார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

ஜூன் 29

மழைக்குப் பிறகு பார்த்துவிட்டு வந்தேன். 14 அடைத்திருக்கிறது. வெட்டியெடுத்த மண்ணை அவர் வடிகால் வெளியேறும் வாயிலேயே குவித்துவிட்டுப் போயிருக்கிறார், அழகாகத் தட்டிச் சமன்செய்து வேறு. தண்ணீர் போய் முட்டித் திரும்பி, 15-க்கு இறங்கி, 15 இப்போதைக்குத் தாங்குகிறது.

நான் வாயை மட்டும் ஒரு வெட்டு திறந்துவிட்டேன். குவியலைத் தொடவில்லை. நண்பரே, அடுத்த ஞாயிறு ஏழு மணி. மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்.